பின்னால் ஆளில்லாத ஞாயிறு

நம் வயதுக்காரர்கள் எல்லாருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. வெளியூரில் இருக்கும் பிள்ளை தொலைபேசியில் கூப்பிட்டால் வேறு எதையும் கேட்பதற்கு முன்னால் "சாப்டியா?" என்று கேட்டுவிடுவோம். போன வாரம் நானும் அதைத்தான் கேட்டேன். "சாப்ட்டேன்" என்று சொல்லிவிட்டு மகன் வீட்டு விஷயத்துக்கு வந்தான். அவன் நகரத்தில் வாடகைக்கு வீடு தேடிக்கொண்டிருக்கிறான்.

"வீடு புடிச்சிருந்துச்சும்மா. நாளைக்கே வரலாம்னு சொன்னாங்க. அப்புறம் அந்த வீட்டுக்காரம்மா சொந்த ஊரு எதுன்னு கேட்டாங்க. செஞ்சின்னேன். செஞ்சியில எந்தப் பக்கம்னு கேட்டாங்க. அதையும் சொன்னேன். சாயந்திரம் கூப்ட்டு வேற ஆளுக்குப் பேசியாச்சுன்னுட்டாங்க. விடும்மா, வேற பாத்துக்கலாம்."

மழை பெய்ததைச் சொல்வதுபோலச் சொன்னான். எனக்குத்தான் அதை விட முடியவில்லை. படித்தவள், வேலை பார்த்தவள், அவனையும் படிக்கவைத்தவள். இருந்தும் ஒரு கேள்வியில் அந்தம்மா என்னை எங்கள் பழைய தெருமுனையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். ஆனால் அங்கே போய் நின்றபோது முதலில் வந்தது கோபம் இல்லை. சாம்பார் வாசனை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அறுபதுகளின் நடுவில், அரிசிக்கு எல்லாரும் அல்லாடிய காலம். செஞ்சியில் எங்கிருந்து பார்த்தாலும் கோட்டை இருக்கிற மூன்று குன்றுகளில் ஒன்றாவது தெரியும். எங்கள் தெருவிலிருந்து மூன்றும் தெரியும், ஏனென்றால் எங்கள் தெரு ஊருக்குள் இல்லை. வயலைத் தாண்டித் தள்ளி இருந்தது. ஊர்க்காரர்கள் அதைச் சேரி என்பார்கள், நாங்கள் தெரு என்போம். அந்தத் தெருவிலிருந்து முதன்முதலாக அரசாங்க வேலைக்குப் போனவர் என் நைனா. பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் கிளார்க். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு வயல் வரப்பில் அவர் போனால், களை பறிக்கிற பெண்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் மறுபடி குனிவார்கள்.

அந்த வேலை கிடைத்த பிறகு நைனாவுக்கு ஒரு ஆசை பிடித்தது. செஞ்சியில் இருக்கிற ஓட்டல்கள் ஒவ்வொன்றிலும் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். தனியாக அல்ல, பொட்டலம் கட்டி வாங்கிவந்தும் அல்ல. நான், என் அண்ணன், அம்மா, அவர் என்று நாலு பேரும் மேசையில் உட்கார வேண்டும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதம் ஒரு ஓட்டல்.

"ஓட்டல்ல பொம்பளைங்க உக்காந்து சாப்புடுவாங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"நீ உக்காந்தா சாப்புடுவாங்க" என்றார் நைனா.

அம்மா அதுவரை வீட்டுக்கு வெளியே சாப்பிட்டதெல்லாம் நிலக்காரர் வீட்டு மாட்டுக்கொட்டகையில்தான். நடவு நாளில் அங்கே இலை போடுவார்கள். சாப்பிட்டு முடித்ததும் அவரவர் இலையை அவரவர் எடுத்துக்கொண்டு போய் எருக்குழியில் போட்டுவிட்டு, உட்கார்ந்த இடத்தைச் சாணி போட்டு மெழுகிவிட்டு வரவேண்டும். அம்மா ஆறு வயதிலிருந்து இதைச் செய்தவள். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நடந்ததெல்லாம் இதில்தான் வந்து நின்றது.

முதல் ஞாயிறு, பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் இருந்த பாயின் பிரியாணிக் கடை. அம்மா ஒரு பித்தளைக் கூஜா நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டாள். நைனா சந்தையில் பழைய சாமான் விற்கிறவரிடம் வாங்கியது. மூடியைத் திருகினால் கீச்சென்று கத்தும். எதற்கு என்று அண்ணன் கேட்டதற்கு, "டம்ளர்ல குடுப்பாங்களோ, கையில ஊத்துவாங்களோ, யாரு கண்டா?" என்றாள்.

பாய் எங்களை வாசலில் பார்த்ததுமே எழுந்துவிட்டார். "வாங்க, வாங்க. புள்ளைங்கள ஃபேனுக்குக் கீழ உக்கார வைங்க" என்றார். அந்த மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் யோசித்துச் சுற்றும். அதன் கீழே உட்கார்ந்திருந்தபோது உள்ளே பெரிய தேக்சாவின் மூடியைத் திறந்தார்கள். புதினாவும் கறியும் நெய்யும் சேர்ந்த ஆவி மேசைக்கு மேசை போய் ஆள் ஆளாக விசாரித்தது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். வீட்டில் ராத்திரிக்கு ராத்திரி கேழ்வரகுக் களி தின்ற எங்களுக்கு, இலையில் அந்தச் சோறு குவிந்ததே கோட்டைமாதிரி இருந்தது. பக்கத்தில் கத்திரிக்காய் போட்ட தால்சா.

அம்மா முதல் கவளத்தை வெகுநேரம் மென்றாள். நாங்கள் மூன்று பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பரவால்ல" என்றாள். "பட்டையக் கொஞ்சம் கம்மி பண்ணியிருக்கலாம்."

பாய் வாய்விட்டுச் சிரித்தார். "எங்க வூட்லயும் இதையேதாம்மா சொல்றாங்க."

அப்படி ஒரு வெற்றியில் முடிந்திருக்க வேண்டிய சாப்பாடு. எழுந்தபோது அம்மாவின் கை தானாக இலையை மடித்துத் தூக்கிவிட்டது. "அட, வைம்மா! எலைய எடுக்கத்தான் நாங்க இருக்கமே" என்று பாய் பதறினார். அம்மா இலையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று தெரியாமல் கடையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கூஜா திறக்காமலே வீடு திரும்பியது. அதை நைனா பாராட்டவில்லை. இலையைத்தான் வழிநெடுகப் பேசிக்கொண்டு வந்தார்.

அடுத்த மாதம் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துப் பலகாரக் கடை. பூரி என்ற ஒன்றை அன்றுதான் பார்த்தோம். உப்பிக்கொண்டு வந்ததை அண்ணன் விரலால் குத்திவிட்டு, காற்றுப் போனதற்கு அழ ஆரம்பித்தான். சர்வர் சிரித்துக்கொண்டே இன்னொன்று போட்டார். அம்மா கிழங்கில் இஞ்சி தூக்கலாக இருப்பதாகத் தீர்ப்புச் சொன்னாள். பிறகு இலையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"இன்னாம்மே இது?" என்றார் நைனா, வெளியே வந்ததும்.

"கை தானா போவுது. நான் இன்னா பண்ணட்டும்?"

"இந்தக் கையப் பாத்துத்தான் இதுங்க கையும் கத்துக்கும். நீ இன்னிக்கித் தூக்கினா, உம் பொண்ணு நாளைக்குத் தூக்குவா. அது உனுக்குச் சரியா?"

அம்மா என் கையைப் பார்த்தாள். எனக்கு ஏழு வயது. கையில் கிழங்கு ஒட்டியிருந்தது.

அன்று சாயங்காலத்திலிருந்து எங்கள் வீட்டில் ஒத்திகை தொடங்கியது. ஆமாம், ஒத்திகைதான். வாழைத்தோப்பிலிருந்து நைனா இலை அறுத்து வருவார். அம்மாவை உட்காரவைத்து அவரே களியும் குழம்பும் பரிமாறுவார். சாப்பிட்டு முடித்ததும் அம்மா இலையை மடித்துவிட்டு வெறுங்கையோடு எழுந்துபோக வேண்டும். முதல் நாள் அம்மாவால் முடியவில்லை. எழுந்தாள், இரண்டடி போனாள், திரும்பிவந்து எடுத்துவிட்டாள். மறுநாள் முந்தானையில் கையைச் சுற்றிக்கொண்டு போனாள். போய்ச் சேர்ந்துவிட்டாள். இப்போது இலை தரையில் கிடந்தது. அதை யாராவது எடுக்க வேண்டுமே.

நைனா எடுத்தார். வெள்ளைச் சட்டையோடு, அம்மாவின் எச்சில் இலையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்துபோய்க் குப்பைக்குழியில் போட்டார்.

தெருவே வெளியே வந்துவிட்டது. "கெவுருமெண்ட்டு உத்தியோகம்னா இதான் போலிருக்குது!" என்று எதிர்வீட்டுக்காரர் கத்தினார். நைனா திரும்பி, "ஆமாண்ணே, பர்மனெண்ட்டு" என்றார். எங்கள் பெரியம்மா, அதாவது அம்மாவின் அக்கா, அன்று சிரித்த சிரிப்பில் கொல்லைக் கோழிகள் கலைந்து ஓடின.

பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரியப்பா போனபிறகு அவள் கடைத்தெருவில் இருந்த பெரிய சாப்பாட்டு ஓட்டலில் வேலை பார்த்தாள். ஓட்டலில் என்றால் ஓட்டலுக்குப் பின்னால். உள்ளே இலை எடுக்கிறவர் எச்சில் இலைகளைக் கூடையில் வாரிப் பின்வாசலில் வைப்பார். பெரியம்மா அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் குழியில் கொட்டிவிட்டு, கூடையைக் கழுவி மறுபடி வாசலில் வைப்பாள். கொல்லையைக் கூட்டுவாள், சாக்கடையைத் தள்ளுவாள். முன்வாசல் வழியாக அவள் ஒருநாளும் போனதில்லை.

செஞ்சியில் பேர்பெற்ற சாப்பாடு அங்கேதான். சட்டத்துக்குப் பயந்து யாரையும் உள்ளே வராதே என்று சொல்லமாட்டார்கள். எங்கள் தெருக்காரர்கள் போனால் ஓரத்து மேசையில் போடுவார்கள். சாப்பிட்டதும் மட்டும், எங்கள் இலையை நாங்களே எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போகவேண்டும். மற்றவர்களுடையதை எடுக்கிறவர் எங்களுடையதைத் தொடமாட்டார். எழுதிவைக்காத வழக்கம். அதனால் எங்கள் தெருவில் யாரும் அங்கே சாப்பிடப் போவதில்லை. நைனாவின் ஆசையெல்லாம் இந்த ஓட்டலில்தான் இருந்தது என்பது எனக்கு இப்போது புரிகிறது. பாயின் கடையும் பூரிக் கடையும் அதற்கு ஏறிப்போகிற படிகள்.

ஒத்திகை நன்றாகப் படிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். சலவைக்கல் மேசை குளிர்ச்சியாக இருந்தது. சுடுசோற்றில் நடுவில் குழி பண்ணிச் சாம்பார் ஊற்றினார்கள். வெங்காயமும் பெருங்காயமும் கொத்துமல்லியும் கலந்த அந்த வாசனை, சத்தியமாகச் சொல்கிறேன், பிறகு எந்த ஊரிலும் எனக்குக் கிடைக்கவில்லை. கூட்டு, பொரியல், அப்பளம், கடைசியில் இலையிலேயே ஊற்றிய பாயசம். அது ஓடுவதற்குள் வழித்துச் சாப்பிட அண்ணனுக்கு அன்று வந்த வேகம் பரீட்சையில் ஒருநாளும் வந்ததில்லை.

முடித்ததும் சர்வர் நைனாவின் காதோடு, "எலைங்கள எடுத்துக்கினு பின்னால போய்டுங்க" என்றார்.

நைனா நிதானமாகக் கேட்டார். "அந்த மேசக்காரரு எடுத்தாரா?"

"அது வேறங்க."

"இன்னா வேற?"

கல்லாவில் இருந்த முதலாளி நிமிர்ந்தார். திருநீறு பூசிய, பருத்த, சத்தம் போடாத மனிதர். "இன்னாப்பா அங்க?" என்று மட்டும் கேட்டார். நைனா நாற்காலியை விட்டு எழவில்லை. எங்களையும் எழவிடவில்லை. அப்போது அம்மா எழுந்தாள். நாலு இலைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி மடித்துத் தூக்கிக்கொண்டு பின்வாசலை நோக்கி நடந்தாள்.

நைனாவின் முகத்தை நான் பார்த்தேன். அவர் அன்று அம்மாவைப் பயந்தவள் என்று நினைத்துவிட்டார். வெகுகாலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டும் இருந்தார். நான் அம்மாவின் பின்னாலேயே ஓடியதால் மற்றதைக் கேட்டேன்.

பின்வாசலில் பெரியம்மா கூடையோடு நின்றாள். தங்கை கையில் இலைகளைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. "இதுக்காடி அந்த மனுசன் தெருவெல்லாம் எலையத் தூக்கினு நடந்தாரு?" என்றாள்.

"சத்தம் போடாதக்கா. உள்ள சண்ட வந்தா யார் தலையில விடியும்? நீ எங்கூடப் பொறந்தவன்னு மொதலாளிக்குத் தெரியும். நாளைக்கே உன்ன நிறுத்திடுவாரு."

"எவடி உன்னக் கேட்டது?" பெரியம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டாள். "எனுக்காவ நீ குனிஞ்சியா? குனியறதுக்கு எனுக்குத் தெரியாதா? ஊர் எச்சிலு மொத்தமும் எங் கையிலதான் போவுது. நான் ஒரு நாளு வரலன்னா இந்த ஓட்டலு நாறிப்பூடும். என்ன நிறுத்துவாராமே, நிறுத்தட்டுமே பாக்கலாம்."

பெரியம்மா அம்மாவின் கையிலிருந்த இலைகளைப் பிடுங்கிக் கூடையில் எறிந்தாள்.

"அடுத்த மாசம் வர்றீங்க. நானும் வரேன். முன்வாசல்ல."

அந்த மாதம் முழுக்க நைனா அம்மாவிடம் சரியாகப் பேசவில்லை. சைக்கிளில் போகும்போதும் வரும்போதும் தனக்குத்தானே பேசிக்கொண்டார். சட்டம், சமத்துவம், அரசாங்க உத்தரவு என்று முதலாளியிடம் சொல்லவேண்டிய ஒரு நீளப் பேச்சை அவர் தயாரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாத ஞாயிறு முகூர்த்த நாள். அனந்தபுரம் பஸ்ஸிலும் திண்டிவனம் பஸ்ஸிலும் கல்யாணக் கூட்டம் வந்து இறங்கிக்கொண்டே இருந்தது. அம்மா கூஜாவை எடுத்தாள், கொஞ்சம் யோசித்தாள், திரும்ப வைத்துவிட்டாள். அந்தக் கூஜா பிறகு எந்த வீடு மாறியபோது தொலைந்தது என்று தெரியவில்லை. அன்றைக்குப் பிறகு அது எங்களோடு எங்கும் சாப்பிட வந்ததில்லை.

பெரியம்மா கடைத்தெரு முனையில் நின்றிருந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, கல்யாணத்துக்குக் கட்டுகிற மாம்பழக் கலர் சேலை கட்டியிருந்தாள். எங்களுக்கு முன்னால் அவள்தான் படியேறினாள்.

முதலாளிக்கு அவளை உடனே அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் கல்லாவின்மேல் கையை ஊன்றி எழுந்தார். "ஏம்மா, காலையிலருந்து உன்னத் தேடறாங்க. பின்னால மலையாட்டம் குவிஞ்சி கெடக்குது. நீ இங்க இன்னா பண்ற?"

"பசிக்குது மொதலாளி. பின்னால நின்னு இத்தினி வருசமா வாசன புடிச்சினே இருந்தேன். ருசி எப்படின்னு பாக்க வந்தேன்."

எங்கேயோ ஒரு கல்யாண வீட்டுக்காரர் களுக்கென்று சிரித்தார். ஐந்து பேரும் உட்கார்ந்தோம். ஓரத்து மேசையில் அல்ல, நடுமேசையில். பெரியம்மா போய் உட்கார்ந்த இடம் அது.

அவள் சாப்பிட்டதை நான் எப்படிச் சொல்வேன்? அவசரமே இல்லை. சாம்பாரை இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள். ரசத்தைக் கையில் ஏந்திக் குடித்தாள். "உப்பு ஒறப்பு எல்லாம் சரியாத்தான் இருக்குது. தெனம் இந்தக் கூட்ட ஏன் பாதிப் பேரு எலையிலயே வுட்டுட்டுப் போறாங்கன்னுதான் தெரியல" என்றாள். "முள்ளங்கி முத்தல்க்கா, அதான்" என்றாள் அம்மா. பயத்தில் வெளுத்துப்போயிருந்தவளால் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பக்கத்து மேசைக்காரர் தன் இலையில் இருந்த கூட்டை எடுத்து ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

பெரியம்மா இலையை மடித்தாள். நாங்களும் மடித்தோம். வாசலில் இடத்துக்காகக் காத்திருந்த கூட்டம் எங்கள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"எழுந்திருடி" என்றாள் பெரியம்மா.

அம்மாவின் வலதுகை இலையை நோக்கிப் போனது. நான் பார்த்தேன், நைனா பார்த்தார், முதலாளியும் பார்த்தார். இலையின் ஓரத்தை விரல் தொட்டது. நின்றது. அம்மா அந்தக் கையை இழுத்து என் தோளின்மேல் வைத்துக்கொண்டாள். எச்சில் கை, சோற்றுப் பருக்கை ஒட்டிய கை, என் கல்யாணத்தில்கூட அவள் என்னை அவ்வளவு இறுக்கிப் பிடித்ததில்லை. எழுந்தாள். வெறுங்கையோடு கைகழுவுகிற தொட்டிவரைக்கும் நடந்தாள்.

சர்வர் குறுக்கே வந்தார். "எலைய எடுத்துக்கினு பின்னால..."

"பின்னால யாரு இருக்கா?" என்றாள் பெரியம்மா, கையைக் கழுவிக்கொண்டே. "கூடைய வாங்கறவ நான்தான். நானே இங்க சாப்ட்டுட்டு நிக்கறேன். பின்னால ஆளில்லப்பா இன்னிக்கி."

நைனா தொண்டையைச் செருமினார். மாதம் முழுக்கத் தயாரித்த பேச்சைத் தொடங்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் வாசலில் இருந்து ஒரு குரல் முந்திக்கொண்டது. "அய்யா, எங்களுக்கு மாப்ள அழைப்புக்கு நேரமாவுது. எலைய எடுக்கறீங்களா, இல்ல வேற கடையப் பாக்கட்டுமா?"

முதலாளி சர்வரைப் பார்த்தார். சர்வர் மேலே விட்டத்தைப் பார்த்தார். இலை எடுக்கிறவர் ஏற்கெனவே சமையலறைக்குள் போய்விட்டிருந்தார். முதலாளி கூட்டத்தைப் பார்த்தார், கல்லாவைப் பார்த்தார். பிறகு தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நடுமேசைக்கு வந்தார். நைனாவின் இலை, அண்ணனின் இலை, என் இலை, பெரியம்மாவின் இலை. அம்மாவின் இலை கடைசி. ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் போட்டார். ஈரத்துணியால் மேசையைத் துடைத்தார். கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். சாம்பார் வாளி வந்தது.

வாசற்படியில் நின்று அம்மா இதையெல்லாம் திரும்பிப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருக்கும் என்று நினைத்தேன்.

"எலைய மடிக்கவே தெரியல அந்தாளுக்கு" என்றாள். "வேட்டியெல்லாம் ரசம்."

அவ்வளவுதான், பெரியம்மா சிரிக்க ஆரம்பித்தாள். அம்மா சிரித்தாள். பேச்சை இழந்த நைனாவும் கடைசியில் சிரித்துவிட்டார். நடுத்தெருவில், கல்யாணக் கூட்டத்துக்கு நடுவில், ராஜகிரிக் குன்று பார்த்துக்கொண்டிருக்க, நாங்கள் ஐந்து பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பின்னாலிருந்து வந்தவர்கள் எங்கள் வீட்டில்தான் கல்யாணம் என்று நினைத்திருப்பார்கள்.

பெரியம்மா மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனாள். யாரும் அவளை நிறுத்தவில்லை. அந்தக் குவியலுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. கூலியை உயர்த்திக் கேட்டாள், கொடுத்தார்கள். அந்தச் சர்வர் சில நாளில் வேறு ஊருக்குப் போய்விட்டார். எங்கள் தெருவிலிருந்து ஒவ்வொருவராக அங்கே சாப்பிடப் போனார்கள். இலையை வைத்துவிட்டுத்தான் எழுந்தார்கள். ஊரே மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன், மாறியிருந்தால் என் மகன் போன வாரம் அப்படிப் பேசியிருக்கமாட்டான். அந்த மேசை மாறியது.

நேற்று அவனைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன், அந்த வீட்டுக்காரம்மாவை இன்னொரு தரம் பார்ப்போம் என்றேன்.

"நீ வந்து இன்னாம்மா பண்ணப் போற?" என்றான்.

"உக்காரப் போறேன்" என்றேன்.